சுவருக்கு இந்தப் பக்கத்துச் சிம்மம்

கோளரங்கத்தின் டிக்கெட் கவுன்ட்டரில் பதினோரு வருடங்களாக உட்கார்ந்திருந்தவளை எல்லோரும் டிக்கெட்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த மேலாளர்கூட, அவள் இல்லாதபோது "டிக்கெட்டக்கா எங்கே?" என்று கேட்பார். நேரில் மட்டும் "அம்மா" என்பார்.

அதற்கு முன் எட்டு வருடங்கள் ஒரு செருப்புக் கடையில் இருந்தாள். அங்கே கால்களைப் பார்த்தாள். இங்கே அரைவட்டத் துளை வழியாக நீளும் கைகளைப் பார்த்தாள். ஒருவருடைய முகத்தைப் பார்த்துப் பேசும் வேலை ஒன்று தனக்கு வாய்க்காமலே போய்விடுமோ என்று சில நாள் யோசிப்பாள். பிறகு அடுத்த கை நீளும், யோசனை அறுந்துவிடும்.

கவுன்ட்டர் என்பது ஒரு நாற்காலி, ஒரு மேசை, ஒரு பக்கம் மட்டும் தலையாட்டும் மின்விசிறி. முதுகுக்குப் பின்னால் ஒட்டுப்பலகைச் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் குவிமாட அரங்கம். சரியாக அவள் முதுகுக்கு நேரே பேச்சாளரின் மேசை. ஒரு நாளைக்கு ஐந்து காட்சி. கதவு சாத்தப்பட்டதும் பேச்சாளரின் குரல் பலகையைத் தாண்டி, கொஞ்சம் மூக்கடைத்த மாதிரி, ஆனால் ஒரு சொல் விடாமல் அவள் பிடரியில் வந்து விழும்.

மற்ற நிகழ்ச்சிகள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறின. 'சிம்மத்துக்குள்ளே' மட்டும் மாறவில்லை. பள்ளிப் பாடத்தில் சிம்ம விண்மீன் தொகுதி இருந்ததால் ஏழு வருடங்களாக அது ஓடிக்கொண்டே இருந்தது. நாற்பது நிமிடம். முதலில் தலை, இதயத்தில் மகம், பிறகு பிடரி, வால் நுனியில் உத்தரம், கடைசியில் பின்னங்காலுக்கு அருகே வெறும் கண்ணுக்குத் தெரியாத மூன்று விண்மீன் மண்டலங்கள். அவளுக்கு அது தலைகீழ்ப் பாடம். பேச்சாளருக்கு அரை நொடி முன்னாலேயே அவள் உதடு அசையும். "மகம் நம்மிடமிருந்து எழுபத்தொன்பது ஒளியாண்டுத் தொலைவில், ரெண்டு பெரியவர் ஒரு குழந்தையா சார், தனி விண்மீனாகத் தெரிந்தாலும் உண்மையில் நான்கு" என்று ஓடும். டிக்கெட் வாங்கியவர்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டே போவார்கள்.

ஆனால் அவள் அந்தக் காட்சியை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

காரணம் எளியது. காட்சி நடக்கும்போதுதான் அடுத்த காட்சிக்கு டிக்கெட் விற்க வேண்டும், தொலைபேசியை எடுக்க வேண்டும். கடைசிக் காட்சி முடிந்ததும் இயந்திரத்தை அணைத்துவிடுவார்கள். அதன் விளக்குக்கு ஆயுள் மணிக்கணக்கில்தான், ஊழியர்களுக்காக எரிக்கக் கூடாது என்பது சட்டம். விளக்கெரியும் அரங்கத்துக்குள் அவள் நூறு தடவை போயிருக்கிறாள். அப்போது குவிமாடம் முட்டை ஓட்டின் உட்புறம்போல வெள்ளையாக, ஒன்றுமில்லாமல் இருக்கும்.

அதனால் தன் சிங்கத்தை அவளே கட்டிக்கொண்டாள். அதிலும் புத்திசாலித்தனமாக. பேச்சாளர் "உங்கள் வலக்கைப் பக்கம் பார்த்து நிற்கிறது சிங்கம்" என்பார். அவள் உட்கார்ந்திருப்பதோ பார்வையாளர்களுக்கு எதிர்த்திசையில், வாசலைப் பார்த்து. அவர்களுக்கு வலம் என்றால் தனக்கு இடம். ஆகவே சிங்கம் இடப்பக்கம் பார்க்கிறது என்று கணக்குப் போட்டு, மனதுக்குள் அப்படியே நிறுத்தி, ஏழு வருடம் வளர்த்தாள்.

ஒருநாள் மதிய இடைவேளையில் பேச்சாளர் கவுன்ட்டர் பக்கம் வந்தபோது, "ஐயா, பத்து மணிக் காட்சியில வாலை விட்டுட்டீங்க" என்றாள்.

"எந்த வாலு?"

"உத்தரம். முப்பத்தாறு ஒளியாண்டு. பிடரியில இருந்து நேரா பின்னங்காலுக்குத் தாவிட்டீங்க."

பேச்சாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பவும் போட்டு அவளைப் பார்த்தார். "இத்தனை வருஷத்துல என் பேச்சை ஒருத்தராவது கேக்கறாங்களான்னு நினைச்சுட்டே இருந்தேன். ஆளு சுவத்துக்குப் பின்னாடி இருந்திருக்கு." பிறகு, தான் மாதக் கடைசியில் மகனிடம் போய்விடப்போவதாகவும், அந்த இடத்துக்கு அவள் ஏன் எழுதிப்போடக் கூடாது என்றும் சொன்னார்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே அவள் கடிதம் எழுதிவிட்டாள். "சிம்மம் நிகழ்ச்சி எனக்கு முழுவதும் தெரியும்" என்று ஒரு வரி. அதில் பொய் இல்லை என்று தனக்குத்தானே இரண்டு முறை சொல்லிக்கொண்டாள்.

கணவர் குளிர்சாதனப் பெட்டி பழுது பார்ப்பவர். சமையலறையில் அவள் கரண்டியைக் கூரையை நோக்கி நீட்டி ஒத்திகை பார்த்ததை முக்காலியில் உட்கார்ந்து கேட்டார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நீ அதைப் பாத்திருக்கியா?"

"பாக்கணும்னு என்ன? எனக்குத்தான் தெரியுமே."

"நான் ஃபிரிட்ஜைத் திறக்காமலே ரிப்பேர் பண்ற மாதிரி இருக்கு."

"நீங்க திறந்து பண்ணதே மூணு நாள்ல திரும்பி வருது."

கரண்டி பிடரிக்குத் திரும்பியது.

மேலாளர் கடிதத்தை வாங்கி, "பாக்கலாம்மா" என்றார். அவர் மேசையில் இன்னொரு கடிதமும் இருந்தது. பேச்சாளர் போனபின் ஆளே தேவையில்லை, பதிவு செய்த குரலை அனுப்புகிறோம் என்று தலைமை அலுவலகம் எழுதியிருந்தது. மாதிரிக்கு ஒன்று அனுப்பியும் இருந்தார்கள். இயந்திரத்தை இயக்குபவர் அதைப் போட்டுக் காட்டினார். அவரை எல்லோரும் சுவிட்ச் என்பார்கள். ஒரு நாளைக்கு நாலு வாக்கியத்துக்கு மேல் பேசமாட்டார்.

"எப்படி இருக்கு?" என்று மேலாளர் கேட்டார்.

"ரயில் அரை மணி நேரம் லேட்டுனு சொல்ற மாதிரி இருக்கு" என்றார் சுவிட்ச். அன்றைக்கு அதுவே அவருடைய முதல் வாக்கியம். சுவருக்கு இந்தப் பக்கம் டிக்கெட்டக்காவுக்கும் எல்லாம் கேட்டது.

மேலாளர் சிரித்தார். ஆனால் முடிவைச் சொல்லவில்லை. இரண்டு வாரம் போனது. டிக்கெட்டக்கா ஒவ்வொரு காலையும் அவர் முகத்தைப் பார்ப்பாள். அவர் காலண்டரைப் பார்ப்பார்.

அந்த வியாழக்கிழமை பதினோரு மணிக் காட்சிக்கு நூற்று நாற்பது பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஆறாம் வகுப்பு. அத்தனை பேரையும் உட்காரவைத்து முடிந்தபின் பேச்சாளர் ஒலிவாங்கியின் முன் வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. காலையிலிருந்தே கரகரத்த தொண்டை இப்போது முழுவதுமாக அடைத்துக்கொண்டது. இரண்டாம் தடவை முயன்றபோது முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

மேலாளர் கவுன்ட்டருக்கு ஓடிவந்தார். "அம்மா, லெட்டர் குடுத்தீங்கல்ல. வாங்க, பேசுங்க. பாத்துடுவோம்."

"இப்பவா சார்?"

"வேற எப்ப? ஐயா கையாலதான் பேசறார்."

உள்ளே பார்த்ததில்லை என்பதைச் சொல்ல அந்த ஒரு நொடி இருந்தது. அவள் சொல்லவில்லை. சொன்னால் ரயில்வேக் குரல் வந்துவிடும். கவுன்ட்டர் கதவில் 'சற்றுப் பொறுங்கள்' அட்டையை மாட்டிவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள்.

பேச்சாளர் மேசையில் ஒரு சிறிய விளக்கும், ஒரு தண்ணீர்க் குடுவையும், பச்சை ஒளி வீசும் லேசரும் இருந்தன. பேச்சாளர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து அவள் கையைத் தட்டிக்கொடுத்தார். மேலாளர் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தார். சுவிட்ச் அரங்கத்தை இருட்டாக்கினார்.

"வணக்கம் பிள்ளைகளே. இன்றைக்கு நாம் ஒரு சிங்கத்துக்குள்ளே போகப்போகிறோம்."

குரல் கணீரென்று வந்தது. அவளுக்கே ஆச்சரியம். முதல் ஐந்து நிமிடம் வெண்ணெயில் கத்திபோலப் போனது. மேலே என்னவோ மினுமினுத்தது. ஆனால் அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் வரி மறந்துவிடும் என்ற பயம்.

"சிங்கத்தின் தலையைக் கண்டுபிடிப்பது எளிது. திருப்பிப் போட்ட கேள்விக்குறி மாதிரி இருக்கும். இதோ" என்று சொல்லி, கண்ணை மேசையிலேயே வைத்துக்கொண்டு லேசரை இடப்பக்கம் நீட்டினாள். அவளுடைய சிங்கம் இடப்பக்கம் பார்ப்பது அல்லவா? உள்ளே வந்தபோது பிள்ளைகள் பார்க்கும் திசைக்கே அவள் திரும்பிவிட்டாள். கூடவே சிங்கத்தையும் திருப்ப வேண்டும் என்பது தோன்றவில்லை.

பேச்சாளர் வலக்கையை வேகமாக ஆட்டினார். உற்சாகப்படுத்துகிறார் என்று எடுத்துக்கொண்டு அவள் குரலை உயர்த்தினாள்.

"கேள்விக்குறியின் கீழே புள்ளியாக நிற்கிறதே, அதுதான் மகம். சிங்கத்தின் இதயம்."

பேச்சாளர் ஒரு காகிதத்தில் எதையோ எழுதி அவள் முன் நீட்டினார். அவசரக் கிறுக்கலில் ஒன்றும் புரியவில்லை. வாழ்த்தாக இருக்கும் என்று மடித்து வைத்துக்கொண்டாள்.

"மிஸ்" என்று ஒரு சிறுமியின் குரல். "அங்க முக்கோணம்தான் இருக்கு. கேள்விக்குறி இந்தப் பக்கம் இருக்கு."

அந்த நேரம் பார்த்துச் சுவிட்ச், வழக்கப்படி, சிங்கத்தின் கோட்டோவியத்தை விண்மீன்களின் மேல் வரைந்தார். டிக்கெட்டக்காவின் பச்சைப் புள்ளி வால் நுனியில் நின்றுகொண்டிருந்தது.

"மிஸ், சிங்கத்துக்கு இதயம் வால்லயா இருக்கு?"

"பயந்த சிங்கம்டா. இதயம் அங்க ஓடிடுச்சு."

அரங்கம் முழுக்கச் சிரிப்பு. ஆசிரியை "உஷ்" என்றார். அது சிரிப்பைக் கூட்டியது. டிக்கெட்டக்கா புள்ளியைத் தடுமாறித் தடுமாறி வலப்பக்கம் ஓட்டினாள். வழியில் அது சிங்கத்தின் வயிற்றைக் கடந்தது. கடைசி வரிசையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. மேலாளர் எழுந்து போகிறாரா, சாய்ந்து உட்கார்கிறாரா என்று தெரியவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு கவுன்ட்டரில் இருப்பதாக நினைத்துக்கொண்டாள். வரிகள் திரும்பி வந்தன. பிடரியில் ஒன்றாகத் தெரியும் இரட்டை விண்மீன், வாலில் உத்தரம், எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு பின்னங்கால் வந்தது.

"வெறும் கண்ணுக்கு இங்கே ஒன்றுமே இல்லை. ஆனால் மூன்றரைக் கோடி ஒளியாண்டு உள்ளே போனால், இப்போது பாருங்கள்."

இந்த இடத்தில் பேச்சாளர் எப்போதும் ஏறக்குறைய ஒரு நிமிடம் பேசமாட்டார். சுவருக்கு இந்தப் பக்கம் அது வெறும் மௌனம். தண்ணீர் குடிக்கிறார் என்று அவள் ஏழு வருடமாக நம்பியிருந்தாள். குடுவையைத் தினமும் நிரப்பித் தருவதே அவள்தானே. ஆகவே, வரி பிசகக்கூடாது என்று, குடுவையை எடுத்து, மூடியைத் திறந்து, நிதானமாகக் குடித்தாள். மேசை விளக்கின் வெளிச்சம் நேராக அவள் மேல் விழுந்தது.

"மிஸ், நீங்க தண்ணி குடிக்கறதையா பாக்கணும்?"

இந்தத் தடவை ஆசிரியையும் சிரித்துவிட்டார். பேச்சாளர் இரு கையாலும் மேலே, மேலே என்று காட்டினார். டிக்கெட்டக்கா குடுவையை வாயில் வைத்தபடியே நிமிர்ந்தாள்.

மூன்று மண்டலங்கள் குவிமாடம் நிறைய வந்து நின்றிருந்தன. ஒன்று சாய்ந்து படுத்த வட்டம், வழவழப்பாக. இன்னொன்று சுருண்ட கைகளில் ஒன்றை மட்டும் அதிகமாக வீசிப்போட்டிருந்தது. மூன்றாவது விளிம்பைக் காட்டி நின்றது. அதன் நடுவே நீளமாக ஒரு கருங்கோடு, யாரோ பென்சிலால் அழுத்தி இழுத்த மாதிரி. அவை மெல்லச் சுழன்றன. 'விளிம்புத் தோற்றத்தில் தூசுப் பட்டை' என்று அவள் எத்தனையோ ஆயிரம் தடவை முணுமுணுத்த சொற்கள் இதற்காகத்தான் இருந்தனவா? தண்ணீர் தவறான வழியில் போய்ப் புரையேறியது.

இருமி முடித்தபின் அடுத்த வரி வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. நூற்று நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

"பிள்ளைங்களா" என்றாள். ஏட்டுத் தமிழ் போய்விட்டது. "நான் உண்மையைச் சொல்லிடறேன். நான் இதை இப்பதான் முதல் தடவையா பாக்கறேன்."

"நிஜமாவா மிஸ்?"

"நிஜமா. நான் வெளியில டிக்கெட் குடுக்கறவ. சுவத்துக்குப் பின்னாடி உக்காந்து கேட்டிருக்கேன், அவ்வளவுதான். அந்தக் கறுப்புக் கோடு தெரியுதே, அது தூசி. விண்மீன் பிறக்கற தூசி. எனக்கு அது மனப்பாடம். ஆனா இவ்வளவு நேரா இருக்கும்னு தெரியாது."

முக்கோணத்தைக் கண்டுபிடித்த சிறுமி கேட்டாள்: "அந்தக் கை நீட்டிட்டு இருக்கே, அது ஏன் அப்படி?"

"பக்கத்துல இருக்கறது இழுக்குது. மூணும் ஒண்ணையொண்ணு இழுத்துட்டே இருக்கு. நீங்க மூணு பேர் ஒரு பெஞ்சுல உக்காந்தா என்ன ஆகும்?"

"நடுவுல இருக்கறவன் நசுங்குவான்."

"கிட்டத்தட்ட அதான்."

அதன்பின் கேள்விகள் நிற்கவில்லை. அங்கிருந்து பார்த்தால் நாம் தெரிவோமா? அந்த வெளிச்சம் கிளம்பியபோது இங்கே யார் இருந்தார்கள்? அதற்குள் எத்தனை விண்மீன்? வரிசையாக மறந்துபோன வரிகள் எல்லாம், கேள்வி வந்தபோது ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. தெரியாததைத் தெரியாது என்றாள். ஒன்றிரண்டைப் பேச்சாளரிடம் கேட்டாள். அவர் விரல்களால் எண்ணிக்கை காட்டினார், பிள்ளைகள் உரக்கச் சொன்னார்கள். சுவிட்ச், யாரும் கேட்காமலே, மண்டலங்களை இன்னும் கொஞ்சம் கிட்டே கொண்டுவந்தார்.

விளக்குப் போட்டபோது பன்னிரண்டு நிமிடம் கூடுதலாகியிருந்தது.

பிள்ளைகள் வெளியேறும்வரை மேலாளர் கதவோரம் நின்றார். பிறகு அவளிடம் வந்தார். பேச்சாளரும் சுவிட்சும் எழுந்து நின்றார்கள்.

"சிங்கத்தைத் திருப்பிப் போட்டீங்க."

"ஆமா சார்."

"நடுவுல தண்ணி குடிச்சீங்க. பன்னிரண்டு நிமிஷம் கூட ஓட்டினீங்க. லெட்டர்ல முழுசும் தெரியும்னு எழுதியிருந்தீங்க."

"கேட்டது முழுசும் தெரியும் சார். பாத்ததில்ல. எழுதறப்பவே சொல்லியிருக்கணும். வேலை போயிடும்னு சொல்லல."

"பதினோரு வருஷத்துல ஒரு தடவைகூடவா?"

"கவுன்ட்டர்ல மாத்தாளு கிடையாதே சார்."

மேலாளர் மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாற்றாள் வேண்டாம் என்று அட்டவணை போட்டவர் அவர்தான் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். பேச்சாளர் அவசரமாக ஒரு காகிதத்தில் எழுதி நீட்டினார். மேலாளர் உரக்கப் படித்தார்: "'முப்பது வருஷத்துல என்னை எவனும் கேள்வி கேட்டதில்லை.'"

"நீங்க விட்டாத்தானே கேப்பாங்க ஐயா" என்றார் சுவிட்ச்.

ஆசிரியை திரும்பி வந்து கதவில் தலையை நீட்டினார். "சார், எங்களுக்கு இன்னும் மூணு வகுப்பு இருக்கு. அடுத்த மாசம் கூட்டிட்டு வர்றேன். இவங்கதான் பேசுவாங்களா? பசங்க வண்டியில ஏற மாட்டேங்கறாங்க, இன்னும் கேள்வி பாக்கி இருக்காம்."

அடுத்த மாதம் பேச்சாளர் இருக்கமாட்டார். மேலாளர் குவிமாடத்தைப் பார்த்தார், வெள்ளை ஓட்டைத் தவிர அங்கே ஒன்றுமில்லை. "இவங்கதான்" என்றார். கொஞ்சம் பொறுத்து, தனக்கே கேட்க வேண்டும் என்பதுபோல, "ஆமா, இவங்கதான் பேசுவாங்க" என்று திரும்பவும் சொன்னார். "தலைமை அலுவலகத்துக்கு நான் எழுதிக்கறேன்."

டிக்கெட்டக்கா லேசரை மேசையில் வைத்தாள். "சார், அதுக்கு முன்னாடி நான் முழுசா பாக்கணும். தலையிலிருந்து. அஞ்சு தடவை."

"விளக்கோட ஆயுசு என்ன ஆகறது? ஒரு தடவை."

"நாலு."

"ரெண்டு. அதுக்கு மேல கேக்காதீங்க."

"மூணுன்னு அட்டவணையில எழுதிட்டேன்" என்றார் சுவிட்ச். நான்கு வாக்கியக் கணக்கை அன்று எப்போதோ தாண்டியிருந்தார்.

வெளியே பன்னிரண்டு மணிக் காட்சிக்கான வரிசை படிக்கட்டைத் தாண்டி நின்றது. மாதக் கடைசிவரை கவுன்ட்டரும் அவளுடையதுதான். அட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். முதலில் நின்றவர் பொறுமை இழந்திருந்தார்.

"என்னம்மா, இவ்வளவு நேரம். உள்ள அப்படி என்னதான் காட்டறாங்க?"

அவள் அரைவட்டத் துளைக்குக் குனிந்து, கழுத்தைச் சாய்த்து, அவர் முகத்தைத் தேடிப் பார்த்தாள். நெற்றியெல்லாம் வியர்வை.

"மூணு இருக்கு சார். ஒண்ணு சாஞ்சு படுத்திருக்கு. ஒண்ணு கையை வீசிப் போட்டிருக்கு. மூணாவது சைடுல நிக்குது, நடுவுல ஒரு கறுப்புக் கோடு. அதைப் பாக்கறப்ப மத்த ரெண்டையும் விட்டுடாதீங்க."

"டிக்கெட்டைக் குடுங்கம்மா" என்று பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள்.

"இருய்யா" என்றார் முதலில் நின்றவர். "எந்தக் கோடு? திரும்பச் சொல்லுங்க."